சுவரின் அடிக்குறிப்பு: போரெதிர்ப்புச் சுவரோவியத்தைப் படித்தல்

போரெதிர்ப்புச் சுவரோவியம் ஒன்றை மாணவர்முன் வைத்து அதன் பொருள் யாதென வினவினால், கிடைக்கும் விடைகள் பெரும்பாலும் ஒரே பாங்கின. புறா அமைதியைக் குறிக்கும். முறிந்த துப்பாக்கி போரின் முடிவைக் குறிக்கும். அழும் குழந்தை குற்றமற்ற உயிர்களைக் குறிக்கும். இவ்விடைகள் தவறானவை அல்ல. ஆயினும் இவற்றைச் சொல்வதற்குச் சுவர் எதற்கு? அதே படத்தை அஞ்சலட்டையில் கண்டிருந்தாலும் இதே விடைகளைச் சொல்லியிருக்கலாம். குறை மாணவர்களுடையதன்று. அகப்பாடலைக் கற்பிக்கும்போது முதல், கரு, உரி என மூன்றையும் தேடப் பழக்கும் நாம், சுவரோவியத்திடம் வந்தவுடன் கருப்பொருள்களைப் பட்டியலிட்டுவிட்டு நேரே உரிப்பொருளுக்குத் தாவிவிடுகிறோம். நிலமும் பொழுதும் விடுபட்டுப் போகின்றன. சுவரோவியத்தைப் பொறுத்தவரை அந்த நிலமும் பொழுதுமே பொருளின் பெரும்பகுதி என்பது இக்கட்டுரையின் கருத்து. யாருடைய சுவர், எந்த ஆண்டு, யாருடைய இசைவு, அழித்தவர் யார் என்னும் வினாக்களுக்கு விடை காணாமல் ஒரு போரெதிர்ப்புச் சுவரோவியத்தைப் படிக்கவியலாது.

இதனைத் தமிழாசிரியர் எவர்க்கும் விளக்கத் தேவையில்லை. புறநானூற்றின் 45ஆம் பாடலை நினைவூட்டினால் போதும். பாடலுள் எந்த மன்னன் பெயரும் இல்லை. பகைவன் சூடியிருப்பது பனந்தோடும் அன்று, வேம்பும் அன்று. உன் தலையிலும் ஆத்தி, உன்னோடு பொருபவன் தலையிலும் ஆத்தி என்ற அளவிலேயே புலவர் இருவரையும் அடையாளம் காட்டுகிறார். நலங்கிள்ளி உறையூரை முற்றியிருந்தான், நெடுங்கிள்ளி உள்ளே அடைத்திருந்தான், கோவூர் கிழார் பாடினார் என்னும் செய்திகள் அடிக்குறிப்பால் வருவன. அடிக்குறிப்புகள் பிற்காலத்தார் சேர்த்தவை, அவற்றை எவ்வளவு நம்புவது என்னும் விவாதம் நம் துறையில் பழையது. அவ்விவாதம் ஒருபுறமிருக்க, அக்குறிப்பு தொலைந்திருந்தால் நம் கையில் எஞ்சியிருப்பது ஒரு பொது அறவுரையே. முற்றுகையிட்ட ஒருவனிடம், கோட்டை வாயில் அடைபட்டிருக்கும் வேளையில் சொல்லப்பட்டது என்பதே அதனை அரசியல் கூற்றாக்குகிறது. போர் என்பதே தீது எனக் கோவூர் கிழார் கூறவில்லை. இந்தப் போர் வேண்டாம் என்கிறார். இவ்வாறு மன்னனிடம் போர் விலக்கக் கூறும் துறைக்குத் ‘துணைவஞ்சி’ என்று பெயர். கோப்பெருஞ்சோழன் தன் மக்கள்மேல் போருக்கெழுந்தபோது புல்லாற்றூர் எயிற்றியனார் பாடிய 213ஆம் பாடலும் இத்துறையதே. போரெதிர்ப்புக் கலையைப் பற்றி எழுதத் தொடங்கும்போதெல்லாம் மேலைநாட்டுக் கலைச்சொற்களை நாடுகிறோம். நம்மிடமே ஒரு துறைப்பெயர் இருப்பதை மறந்துவிடுகிறோம்.

இனிச் சுவருக்கு வருவோம். கிளமெண்டி போன்ற வீடமைப்பு வட்டாரத்தில் சுவர் எப்படி வாழ்கிறது என்பதைச் சற்றே நோக்கலாம். நகர மன்றம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடுக்குமாடிகள் அனைத்துக்கும் புதுச்சாயம் பூசுகிறது. கீழ்த்தளத் தூண்களில் அறிவிப்புகளுக்கென ஒதுக்கிய பலகைகள் உண்டு. அவற்றுக்குப் பூட்டும் உண்டு. இசைவின்றிச் சுவரில் எழுதப்படுவதாகப் பல்லாண்டுகள் இங்குக் காணப்பட்டது ஒரே வகை எழுத்து: கடன்முதலைகளின் ஆள்கள் மின்தூக்கியின் அருகிலும் மாடிப்படியிலும் கிறுக்கிச் சென்ற நான்கு குறிகள். ‘ஓ’ ஒன்று, வெள்ளிக்குறி ஒன்று, ‘பி’ ஒன்று, மீண்டும் வெள்ளிக்குறி. பட்ட கடனைக் கட்டு என்பது பொருள். அதனருகே வீட்டெண்ணும் இருக்கும். சிங்கப்பூரின் மிகப் பரவலான சுவரெழுத்து மரபு இதுவே என்று சொன்னால் சிலர் நகைக்கக்கூடும். ஆனால் ஒரு நகரத்தின் சுவரில் எது எழுதப்படவில்லை என்பதும் ஆய்வுக்குரியதே. அரசியல் எழுத்து ஏன் இல்லை? மக்களின் இயல்பு அப்படி என்று சொல்லி அமைந்துவிடுவது எளிது. வரலாறு வேறு விடை தருகிறது.

சிங்கப்பூரின் சுவர்களிலும் ஒருகாலத்தில் போரெதிர்ப்பு எழுத்து இருந்தது. 1966ஆம் ஆண்டு, வியட்நாமில் அமெரிக்கப் படையெடுப்பு விரிவடைந்துகொண்டிருந்த வேளை. அமெரிக்கப் படைவீரர் ஓய்வுக்காகச் சிங்கப்பூருக்கு வரத் தொடங்கியதும் அவ்வாண்டிலேதான். டாக்டர் லீ சியூ சோ தலைமையிலான பாரிசான் சோசலிஸ் கட்சி 1965 டிசம்பர் முதல் நாடாளுமன்றத்தைப் புறக்கணித்து வெளியே நின்றது. அமெரிக்க ஆக்கிரமிப்புக்கு எதிராக வியட்நாமுக்குத் துணைநிற்போம் என்னும் இயக்கத்தை அது நடத்தியது. அவ்வியக்கத்தின் முழக்கங்கள் சுவர்களிலும் பொதுவிடங்களிலும் எழுதப்பட்டன, சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. அதுவரை இத்தகைய செயல் சிறு குற்றமாகக் கருதப்பட்டுச் சிறு தண்டனையே பெற்றுவந்தது. 1966 ஆகஸ்ட் மாதத்தில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய நாசச்செயல் தண்டனைச் சட்டம் அந்நிலையை அடியோடு மாற்றியது. இரண்டாயிரம் வெள்ளிவரை அபராதம் அல்லது மூன்றாண்டுவரை சிறை, அத்துடன் மூன்று முதல் எட்டுப் பிரம்படி. சட்டவரைவை முன்வைத்துப் பேசியவர் தற்காப்புத் துணையமைச்சர். உள்துறையும் தற்காப்பும் அந்நாளில் ஒரே அமைச்சின்கீழ் இருந்தன என்பது இதற்கு ஒரு விளக்கமாகலாம். இருப்பினும் சாயப்பூச்சு பற்றிய சட்டமொன்று தற்காப்பின் குரலில் ஒலித்தது என்பதைக் கவனியாமல் செல்வதற்கில்லை.

இச்சட்டத்தின் பிறப்பைப் போரெதிர்ப்பு முழக்கங்களோடு இணைத்து விரிவாக ஆராய்ந்தவர் ஜோதி ராஜா. சிங்கப்பூரில் சட்டத்தின் ஆட்சி எவ்வாறு இயங்குகிறது என்பது பற்றி 2012இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்ட அவருடைய நூலில் ஓர் இயல் முழுவதும் இதற்கே உரியது. அரசியல் எதிர்ப்பாக இருந்த ஒரு செயல், பொதுச்சொத்தைப் பாழாக்கும் ஒழுக்கக்கேடாகப் பெயர்மாற்றம் பெற்றதை அவர் காட்டுகிறார். 1994இல் அமெரிக்க இளைஞர் ஒருவருக்குக் கார்களுக்குச் சாயம் தெளித்தது முதலான குற்றங்களுக்காகப் பிரம்படி விதிக்கப்பட்டபோது உலகமே இச்சட்டத்தைப் பற்றிப் பேசியது. தூய்மை பேணும் ஒரு நகரின் கடுமையான சட்டம் என்றே பலரும் அதனை விளங்கிக்கொண்டனர். வியட்நாம் எங்கோ மறைந்துவிட்டது.

சட்டத்தின் வாசகத்தில் ஒரு நுட்பம் உள்ளது. திறனாய்வாளர் அதனை நின்று நோக்கவேண்டும். பென்சில், வண்ணமெழுகு, சுண்ணக்கட்டி போன்று அழியக்கூடிய பொருளால் எழுதியவருக்கு முதன்முறைக் குற்றத்தில் பிரம்படி இல்லை. அழியாச் சாயத்தால் எழுதியவருக்கு உண்டு. எழுதப்பட்ட சொல் யாது, அது அன்பையா பகையையா உரைக்கிறது என்பது பற்றி அவ்விடத்தில் சட்டத்திற்குக் கவலையில்லை; எழுத்து எவ்வளவு காலம் நிற்கும் என்பதே கேள்வி. நிலையாமையைப் பாடுவதைக் காஞ்சித் திணை என்று தொல்காப்பியம் வகுத்தது. இங்கோ நிலையாமையே தண்டனைக் குறைப்புக்குக் காரணமாகிறது! மற்றொரு கூறு இசைவு பற்றியது. பொதுச்சொத்தாயின் உரிய அதிகாரியின் எழுத்துவடிவ அனுமதி, தனியார் சொத்தாயின் உரிமையாளரின் எழுத்துவடிவச் சம்மதம் இருந்தால் அதே சாயம், அதே படம் குற்றமன்று. ஆகவே சுவரோவியத்திற்கும் நாசச்செயலுக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஒரு தாளில் இடப்படும் கையொப்பமே. ஓவியத்தின் அழகைக் கொண்டு அவ்விரண்டையும் பிரிக்க முயலும் கலைவிமர்சனம் இவ்வுண்மையைத் தொடுவதே இல்லை.

2012இல் சமந்தா லோ என்னும் கலைஞர் சாலையில் ‘என் தாத்தா சாலை’ என்னும் பொருள்பட அச்சுத்தகடு வைத்துச் சாயமிட்டதற்காகவும், நடைபாதை விளக்குப் பொத்தான்களில் நகைச்சுவை ஒட்டுத்தாள்கள் ஒட்டியதற்காகவும் கைதானார். அடுத்த ஆண்டு அவருக்கு 240 மணிநேரச் சமூகச்சேவை விதிக்கப்பட்டது. வழக்கு நாசச்செயல் சட்டத்தின்கீழ் நடைபெறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அதே 2013இல் எஸ்பிளனேட் பூங்காவில் முதல் உலகப்போரில் மாண்டோர்க்காக 1922இல் திறக்கப்பட்ட நினைவுத்தூணில் ‘ஜனநாயகம்’ என்னும் ஆங்கிலச் சொல்லைச் சாயத்தால் எழுதியவருக்குச் சிறையும் பிரம்படியும் கிடைத்தன. போர்நினைவுக் கல்லின்மேல் எழுதப்பட்ட அச்சொல்லைப் போரெதிர்ப்பு என்று கொள்ளவியலாது. ஆனால் எழுத்தின் பொருளை இடம் எவ்வாறு முடிவுசெய்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இப்பின்னணியோடு லிட்டில் இந்தியாவுக்குச் சென்றால் அங்குள்ள சுவர்கள் வேறுவிதமாகத் தோன்றும். 2015 முதல் லாசால் கலைக்கல்லூரியும் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகமும் இணைந்து நடத்திவந்த கலைநடைத் திட்டத்தால் அப்பகுதியின் கடைவீட்டுச் சுவர்களில் பல ஓவியங்கள் எழுந்தன. பெலிலியோஸ் சந்தில் யூனிஸ் லிம் வரைந்த பழந்தொழில் ஓவியத்தில் பூத்தொடுப்பவரும் கிளிச்சோதிடரும் சலவைத்தொழிலாளியும் இடம்பெறுகின்றனர். இந்து ரோட்டில் ரஜினிகாந்தின் உருவம் தொழிலாளர் நாயகனாக நிற்கிறது. இவ்வோவியங்களைக் குறைத்துரைப்பது என் நோக்கமன்று. தமிழாசிரியர் பலர் தொடக்கநிலை மாணவர்களை அங்கு அழைத்துச்சென்று, மறைந்த தொழில்களின் பெயர்களைக் கற்பிப்பதை நான் அறிவேன், அது நற்பணியே. ஆனால் இச்சுவர்களில் தமிழர் எப்போதும் தொழில் செய்கின்றனர், பூத்தொடுக்கின்றனர், படம் பார்க்கின்றனர், எதையும் மறுப்பதில்லை. இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தோட்டத்தொழிலாளரும், சயாம்-பர்மா மரண ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாத ஆயிரக்கணக்கான மலாயாத் தமிழரும் நம் போர்வரலாற்றின் பெரும் பகுதியினர். பயணிகள் நின்று படமெடுத்துக்கொள்ளும் வண்ணச்சுவர் அவர்களுக்கு ஏற்ற இடமாகக் கருதப்படுமா என்பது ஐயமே. இசைவு பெற்ற சுவர் தான் பேசவேண்டியதைத் தானே அறிந்துகொள்கிறது. இசைவு எவ்வளவு நுணுக்கமாக இயங்கும் என்பதை 2024இல் சவுத் பிரிட்ஜ் ரோட்டுச் சம்சுய் பெண்ணின் ஓவியம் காட்டிற்று. அவள் விரலிடையே இருந்த சிகரெட்டை நீக்குமாறு முதலில் கூறப்பட்டது. பொதுவிவாதத்திற்குப் பின் அது இருக்கலாம் என்றாயிற்று. போரைப் பற்றிய ஓவியமாக இருந்திருந்தால் விவாதம் எங்கே தொடங்கியிருக்கும் என்பதை வாசகர் எண்ணிப்பார்க்கலாம்.

இவ்விடத்தில் பிக்காசோவின் ‘கெர்னிகா’ பற்றி ஒரு சொல். 1937 ஏப்ரல் 26ஆம் நாள் பாஸ்க் ஊரொன்றின்மேல் நிகழ்ந்த குண்டுவீச்சைப் பொருளாகக் கொண்டு, அவ்வாண்டின் பாரிஸ் பொருட்காட்சியில் ஸ்பானியக் குடியரசின் கூடத்திற்காக வரையப்பட்ட ஓவியம் அது. சுவரோவியம் என்றே வழங்கப்பட்டாலும் துணியில் தீட்டப்பட்டது. ஆதலால் நாடு நாடாகப் பயணம் செய்தது. காளைமாடும் குதிரையும் எவற்றைக் குறிக்கின்றன என்று எண்ணற்ற பக்கங்கள் எழுதப்பட்டுள்ளன. என் மதிப்பீட்டில் அவ்வோவியத்திற்கு எழுதப்பட்ட மிகச் சிறந்த அடிக்குறிப்பு ஒரு நீலத்திரை. ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் பாதுகாப்பு மன்ற வாயிலில் தொங்கிய கெர்னிகாத் திரைச்சீலைப் படியை 2003 பிப்ரவரி 5ஆம் நாள் நீலத்துணியால் மூடினர். அன்றைய தினம் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஈராக்குக்கு எதிரான வழக்கை அம்மன்றத்தில் முன்வைத்தார். தொலைக்காட்சிப் படப்பிடிப்பிற்கு ஏற்ற பின்னணி வேண்டும் என்று காரணம் கூறப்பட்டது. அடுத்த மாதம் போர் தொடங்கியது. அறுபத்தாறு ஆண்டுகளுக்கு முந்தைய ஓவியமொன்று அன்றும் துணைவஞ்சியாக ஒலித்தது என்பதை மூடியவர்களே மெய்ப்பித்துவிட்டனர்.

தமிழ் வாசகர்க்கு மிக அண்மைப் போர் ஈழத்துப் போர். அங்கே சுவரின் கதை மேலும் சிக்கலானது. 1990களில் கொழும்பின் சோதனைச்சாவடிகளிலும் சாலைத்தடைகளிலும் தார்ப்பீப்பாய்கள் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தன. அவற்றின்மேல் இராணுவச் சீருடையின் பச்சையும் பழுப்புமான உருமறைப்புப் புள்ளிகள் பூசப்பட்டிருந்தன. அன்றாடம் கடந்துசெல்வோர் கண்ணுக்கு அவை பழகிப்போயின. 1997இல் சந்திரகுப்த தேனுவர அந்தப் பீப்பாய்களைக் காட்சிக்கூடத்திற்குள் கொண்டுவந்து, தம் கலைக்குப் ‘பீப்பாயியம்’ என்று பொருள்படும் பெயரிட்டார். புறாவில்லை, குழந்தையில்லை, குருதியில்லை. தெருவில் அரசு வரைந்து வைத்திருந்த படத்தையே அவர் எடுத்துக்கொண்டார். நகரமே ஏற்கெனவே ஓர் ஓவியமாகத் தீட்டப்பட்டுள்ளது, தீட்டியது போர் என்று பார்வையாளர் உணர்ந்தபோது மீண்டும் தெருவுக்குப் போய் நின்று பார்க்க வேண்டியதாயிற்று. உருமறைப்பின் பணி மறைப்பது. அதனைக் காணச்செய்தமையே தேனுவரவின் வெற்றி. சிங்களக் கலைஞராகிய அவர் 1983 கறுப்பு ஜூலையை நினைவுகூர்ந்து ஆண்டுதோறும் ஜூலை 23இல் கண்காட்சி நடத்திவருவதும் தமிழ்த் திறனாய்வில் போதிய கவனம் பெறவில்லை. இம்மௌனத்திற்கு நம்மிடம் நல்ல காரணம் ஏதுமில்லை என்றே எண்ணுகிறேன்.

போர் 2009இல் முடிந்த பின் வந்தது அழகூட்டும் காலம். 2010இல் நகர வளர்ச்சி தற்காப்பு அமைச்சின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. முன்னர்ப் பீப்பாய்கள் நின்ற தெருக்களில் நடைபாதைகளும் புல்வெளிகளும் அமைந்தன. 2019 நவம்பரில் கோத்தாபய ராஜபக்ச குடியரசுத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும், இலங்கையின் பல ஊர்களில் இளைஞர்கள் தாமாகவே சாயவாளிகளோடு இறங்கிச் சுவர்களில் வரையத் தொடங்கினர். பாழடைந்து கிடந்த சுவர்கள் தூய்மையாயின. இயற்கைக் காட்சிகளும் பண்டைய மன்னர்களும் தோன்றினர், படைவீரர்களும் தோன்றினர். அவ்விளைஞர்களின் உழைப்பு உண்மையானது. இசைவின்றித் தெருவில் வரைவதே எதிர்ப்பு என நம்பும் திறனாய்வுக்கு இது ஒரு சோதனை. தன்னார்வமும் தெருவும் சாயமும் அனைத்தும் இருந்தும் அவ்வோவியங்கள் வென்றவரின் பக்கமே நின்றன. அவற்றின் மூதாதையைத் தேடினால் அது துணைவஞ்சியாகாது, நடுகல்லாகும். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனத் தொல்காப்பியம் கூறும் ஆறு நிலைகளும் வீழ்ந்த வீரனைக் கல்லில் நிறுத்துவதற்கானவை. நடுகல் ஊரார் தம் ஊருக்காக மாண்டவனுக்கு எடுப்பது. ஆனால் ஒரே தெருவில் ஒருவர்க்கு நடுகல்லாக இருப்பது, வழிச்செல்லும் மற்றொருவர்க்குத் தம் இறந்தோரின்மேல் பூசிய சாயமாகத் தெரியக்கூடும். அச்சுவர்களைக் கடந்துசென்ற தமிழர்க்கு அவ்வாறே தெரிந்திருக்கும்.

வடக்கில் இதற்கு விடைகூறும் போரெதிர்ப்புச் சுவரோவியங்கள் பெருகியிருக்கவேண்டும் என்று தொலைவிலிருந்து எதிர்பார்ப்பது எளிது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவாக எழுந்த தூபி 2021 ஜனவரி 8ஆம் நாள் இரவில் இடித்துத் தள்ளப்பட்டதை நினைவிற்கொண்டால் அவ்வெதிர்பார்ப்பின் பேதைமை விளங்கும். மாணவர் போராட்டத்தை அடுத்துச் சில நாள்களிலேயே மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டு, ஏப்ரல் மாதத்தில் புதிய தூபி திறக்கப்பட்டது என்பது வேறு. வளாகத்துக்குள் நின்ற கல்லுக்கே அந்நிலை என்றால், தெருச்சுவரின் சாயம் எத்தனை நாள் நிற்கும்?

ஆகவே அங்கே போரெதிர்ப்புக் கலை வேறிடம் தேடிற்று. 2004இல், போர்நிறுத்தம் நிலவிய வேளையில், யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் நடைபெற்ற கண்காட்சியின் பெயரே ‘அகம் புறம்’. 1981இல் எரிக்கப்பட்டு மீண்டும் எழுந்த கட்டடம் அது. அதன் சுவர்களுக்கு அடிக்குறிப்பு வேண்டியதில்லை. அக்காட்சியில் தா. சனாதனன், யாழ்ப்பாணத்து வீடுகளிலிருந்து மக்கள் கொடுத்த பொருள்களைத் திரட்டி வைத்தார். போர் வீட்டுக்குள் விட்டுச்சென்ற எச்சங்கள் அவை. 2011இல் வெளியான அவருடைய ‘முற்றுப்பெறாத தோம்பு’ என்னும் பொருள்படும் நூல் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. தோம்பு என்பது போர்த்துக்கீசியர், ஒல்லாந்தர் காலத்து நிலப்பதிவேடு. யாருடைய நிலம், எவ்வளவு என்று ஆட்சியாளர் எழுதிவைத்தது. சனாதனனின் நூலில் பதிவுசெய்வோர் இடம்பெயர்ந்த மக்கள். தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தை ஒவ்வொருவரும் நினைவிலிருந்து வரைகின்றனர். கட்டட வரைவாளரின் அளவெடுத்த கோடுகளில் அவ்வீடு மறுபடியும் வரையப்படுகிறது. பின்னர்க் கலைஞரின் ஓவியம் சேர்கிறது.

முதல் வரைபடங்களைக் கூர்ந்து நோக்கினால் அவை வரையத் தெரியாதவரின் கோடுகள் என்பது தெரியும். அளவுகள் பொருந்துவதில்லை. எழுத்தறிவிக்கும் நாம் மாணவர் ஏட்டில் அன்றாடம் காணும் நடுக்கம் அக்கோடுகளில் உண்டு. இரண்டாம் வரைபடத்தில் அதே சுவர்கள் நேராகின்றன, மூலைகள் செங்கோணமாகின்றன; வீடு கட்டுவதற்கு உரியதாகிவிட்டதுபோல் தோன்றுகிறது. கட்டப்படுவதற்கு நிலமில்லை. மாணவர்க்குப் போரெதிர்ப்பு ஓவியம் ஒன்றைக் காட்டவேண்டுமாயின், இவ்விரு தாள்களையும் அடுத்தடுத்து வைத்து, இவற்றுள் எது சுவர் என்று வினவுவேன்.